பாதி வாக்குமூலம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உன் மாமாவுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. ஏழாவது மாடியில் நின்றுபோன லிஃப்டைத் தனி ஆளாகச் சரிசெய்யப் போய் இழுத்துக்கொண்ட வினை. லிஃப்ட் மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வீட்டுக்கு வருவதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. உன் உடம்பு எப்படி? போன மாதம் சொன்ன இருமல் விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். நீ சிரிக்கக் கூடாது. சிரிப்பதாக இருந்தால் இதோடு படிப்பதை நிறுத்திவிடு. சட்டக் கல்லூரி மாலை வகுப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன்! ஏப்ரலில் நேர்முகம். அதில் தேறினால்தான் இடம்.

எனக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது. நாற்பதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். இந்த வருடம் விட்டால் அப்புறம் கிடையவே கிடையாது. 

மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்களாம். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதானாம்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்க." நேற்றுச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தோம். உன் மாமாவும் உன் மருமகளும் நீதிபதிகள். நான் பேரைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், கோர்ட்டில் டைப்பிஸ்ட் என்றேன். அவ்வளவுதான். உன் மருமகள் கடிகாரத்தைப் பார்த்து, "பதினோரு செகண்டும்மா" என்றாள். "பரவால்ல, பஸ்ஸுக்கு நேரமாகாது" என்றார் உன் மாமா.

என் வேலை உனக்குத் தெரியும். பதினாறு வருடமாகச் சாட்சிகள் பேசுவதைக் கேட்கிறேன். சாட்சி பேசுவார், நீதிபதி அதைச் சுருக்கிச் சொல்லுவார், அவர் சொல்லுவதை நான் அடிப்பேன். முதலில் டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். ஊரார் வாழ்க்கை பூராவும் என் விரல் வழியாகப் போகிறது. என் வாழ்க்கையைச் சொல்லு என்றால் திருதிருவென்று விழிக்கிறேன்.

நீ ஒன்பது வருடமாக மின்விசிறிக் கம்பெனியில் ஆட்களை நேர்முகம் கண்டு வேலைக்கு எடுக்கிறவன். மேசையின் அந்தப் பக்கத்து ரகசியமெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடு. போனில் வேண்டாம், உன் மாமா நடுவில் புகுந்து கிண்டல் செய்கிறார். எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமல் போயே போய்விட்டது. மாமாவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தனியாக வேலைக்குப் போகாதே என்று சொல்லு, கேட்கமாட்டார் என்றாலும் சொல்லு.

அடேங்கப்பா! நான் சிரிக்கவில்லை, துள்ளிக் குதித்தேன். கீழே குடியிருக்கிறவர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டினார். சட்டக் கல்லூரியா! யாரிடமும் சொல்லாமல் பரீட்சை எழுதித் தேறிவிட்டு, போகிற போக்கில் சொல்லுகிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்!

சரி, ஒன்பது வருடம் ஆயிரம் பேரைப் பார்த்தவன் சொல்லுகிறேன், கேட்டுக்கொள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் பிறந்த தேதியிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. அதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. கம்பீரமாக ஆரம்பிக்க வேண்டும். அசத்த வேண்டும். உனக்காகவே ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன். "சிறு வயது முதலே நீதியின்பால் எனக்குத் தணியாத தாகம் உண்டு" என்று தொடங்குகிறது. ஒன்றரை நிமிடம் வரும். கண்ணாடி முன் நின்று தினமும் பத்துத் தடவை சொல்லு. தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கே தெரியவில்லை. ஏன் சட்டம்? கட்டாயம் கேட்பார்கள். எனக்கு எழுது, அதையும் சேர்த்து மெருகேற்றிவிடலாம்.

போனில் வேண்டாம் என்று நீயே சொன்னது நல்லது. ஆபீஸுக்கும் கூப்பிடாதே. இடம் மாற்றும் வேலை நடக்கிறது, ஒரே களேபரம். கடிதத்தை என் அறை முகவரிக்கே அனுப்பு.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். இடுப்பும் நலம். இருமல் விட்டதில் நிம்மதி.

நீ எழுதிய உரையைக் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். கண்ணாடி முன் நின்றால் முகத்தில் அசடு வழிகிறது, அதனால் உன் மாமா வேறு வழி கண்டுபிடித்தார். அவர் வேலை பார்க்கும் ஒரு கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் இருக்காது. லிஃப்டில் கீழ்த்தளத்திலிருந்து பதினான்காம் மாடிக்கு மெதுவாகப் போய்வந்தால் சரியாக ஒன்றரை நிமிடம். "கதவு திறக்கிறதுக்குள்ள முடிச்சிடணும்" என்று ஏற்றிவிட்டார்.

மூன்றாவது சுற்று. எட்டாவது மாடியில் கதவு திறந்தது. கையில் துவைத்த துணிக் கூடையோடு ஒரு பெரியவர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தி, "தணியாத தாகம் உண்டு!" என்கிறேன். அவர் ஓரடி பின்னால் போய், "கீழே குழாய்ல நல்ல தண்ணி வருதும்மா" என்றார். கதவு மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் உன் மாமா ஒரு மணி நேரம் சிரித்தார். இப்போது தண்ணீர் கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்திக்கொண்டுதான் கேட்கிறார்.

தம்பி, உரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லும்போது இன்னொரு பெண்ணின் புடவையைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. நல்ல புடவைதான், எனக்கு நிற்கவில்லை.

ஏன் சட்டம் என்று கேட்டிருந்தாய். எல்லாம் ஓர் ஆசைதான், வேறென்ன.

புது ஆபீஸ் எப்படி? ஜன்னல் இருக்கிறதா?

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். எல்லோருடைய சுகமும் அறிய ஆவல்.

லிஃப்ட் கதையைப் படித்து, ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரி. உரையைக் கிழித்துப் போடு. நான் எழுதினதே தப்பு.

இந்தத் தடவை உருப்படியாகச் சொல்லுகிறேன். வெளியே ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள். சாய்மானம் இருக்காது. ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்களோடு பேச்சுக் கொடுக்காதே. அவர்கள் தைரியமாகப் பேசினால் உன் தைரியம் போய்விடும். பேரைக் கூப்பிட்டதும் ஒரு மூச்சு விட்டுவிட்டு எழுந்திரு. உள்ளே நாற்காலி மேசையிலிருந்து தள்ளிப் போட்டிருப்பார்கள். இழுத்துப் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே முதல் கேள்வி வந்துவிடும். அதனால் முதலிலேயே இழுத்துப் போட்டுக்கொள். தண்ணீர் டம்ளரைத் தொடாதே. கை நடுங்குவது தண்ணீரில்தான் முதலில் தெரியும். மூன்று பேரில் ஒருவர் உன்னை நிமிர்ந்தே பார்க்க மாட்டார். அவரைப் பற்றிக் கவலைப்படாதே. கவலையாகத்தான் இருக்கும், இருந்தாலும் படாதே.

"ஓர் ஆசைதான், வேறென்ன" என்று எழுதியிருக்கிறாய். அக்கா, உனக்கு ஐஸ்கிரீம் மேல் வரும் ஆசை வேறு, பதினாறு வருடம் கழித்துக் கல்லூரி மேல் வரும் ஆசை வேறு. என்ன நடந்தது? என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறாய்?

ஜன்னல் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

பதினாறு வருடமாகக் குறுக்கு விசாரணை அடிக்கிறவளிடம் வந்து சாட்சி சொல்லுகிறாய், ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா? என் பக்கத்தில் உன் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. போன வருடம் வரை கம்பெனி பேர் அச்சடித்த தாளில் எழுதுவாய், தீர்ந்ததே கிடையாது. இப்போது நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். ஆபீஸுக்குக் கூப்பிடாதே என்கிறாய். புது ஆபீஸ் பற்றிக் கேட்டால் ஜன்னல் இருக்கிறது என்கிறாய். வாய் நிறையப் பேசுகிறவன் இரண்டே வார்த்தை.

அதெல்லாம் போகட்டும். பெஞ்சில் சாய்மானம் இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருடம் உள்ளே உட்கார்ந்து மணி அடித்து ஆட்களைக் கூப்பிட்டவன் நீ. வெளியே ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும் என்று உனக்கு யார் சொன்னது?

தம்பி, நீ இப்போது மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய்?

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 22

தம்பிக்கு,

இருபத்தொரு நாளாகிறது. கோபமா? கேள்வியை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. நன்றாக இல்லை என்றாலும் போடு.

உன் மாமா பை எடுத்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் நேரில் வந்து உன் அறைக் கதவைக் கழற்றுவாராம். அவரால் முடியும் என்று உனக்கே தெரியும்.

அக்கா

*

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கதவு வேண்டும். மாமாவைப் பையைக் கீழே வைக்கச் சொல்லு. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், உடம்பளவில்.

வேலை போய் நாலு மாதம் ஆகிறது. நவம்பரில் எங்கள் கிளையை மூடினார்கள். ஆட்களைக் கூப்பிட்டு வேலை போன விஷயத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. மூன்று நாள், முப்பத்திரண்டு பேர். நான் வேலைக்கு எடுத்தவர்களும் அதில் உண்டு. ஒருத்தர், "சரிங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கும் ஒரு கவர் வந்தது.

அப்புறம் ஏழு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். ஏழு பெஞ்சு. சாய்மானம் ஒன்றுக்கும் கிடையாது. எல்லா இடத்திலும் முதல் கேள்வியிலேயே கவிழ்ந்தேன். "ஒன்பது வருடம் மின்விசிறிக் கம்பெனியில்" என்று ஆரம்பிக்கிறேன். "இப்போ?" என்கிறார்கள்.  "சொந்தக் காரணத்துக்காக விடுப்பில்" என்று ஏதாவது உளறுகிறேன். நானே எத்தனை பேரிடம் அந்தப் பொய்யைக் கேட்டிருக்கிறேன்! அவர்கள் பேனாவை மூடி வைப்பதும் எனக்குத் தெரிகிறது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லத்தான் தாளை எடுத்தேன். அன்றைக்குத்தான் உன் ஜனவரிக் கடிதம் வந்தது. "ரகசியமெல்லாம் உனக்குத் தெரியும், சொல்லிக்கொடு" என்று எழுதியிருந்தாய். அக்கா, இந்த நாலு மாதத்தில் உன்னைத் தவிர யாரும் என்னை ஒரு விஷயம் தெரிந்தவனாகக் கேட்டதில்லை. உனக்கு எழுதும் நேரத்திலாவது பழைய ஆளாக இருக்கலாம் என்று தோன்றியது. வெட்கம், வேறென்ன. மன்னித்துக்கொள்.

என் அறிவுரைக்கு இனி மதிப்பில்லை. இருந்தாலும் ஒன்று: மனப்பாடம் வேண்டாம்.

தம்பி

*

ஏப்ரல் 2

என் தம்பிக்கு,

படித்தேன். அழுதேன். அப்புறம் உன் மாமாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். மடையா! வேலை போனால் அக்கா போய்விடுவாளா? நாலு மாதம் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஜன்னல் இருக்கிறது என்று எழுதுகிறாயே, உனக்கு என்ன கொழுப்பு! ஒரு போன் போட்டால் நான் வரமாட்டேனா?

திட்டி முடித்தேன். இனி கேள். நீ பிப்ரவரியில் எழுதியது இருக்கிறதே, பெஞ்சும் டம்ளரும் நிமிர்ந்து பார்க்காத ஆளும், அதைத்தான் பையில் வைத்துக்கொண்டு போகப் போகிறேன். அது பட்டவன் எழுதினது.

உடனே வீட்டுக்கு வா என்று சொல்ல ஆசைதான். உனக்கு அங்கே அலைய வேண்டியது இருக்கும். ஆனால் வேலை கிடைத்த பிறகு வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. வேலை இல்லாத தம்பிக்கும் இங்கே கட்டில் போட்டிருக்கிறது. எப்போது தோன்றினாலும் வா.

எனக்குப் பதினேழாம் தேதி. காலை பத்து மணி.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நான் இன்னும் தரையில் கால் பாவாமல் இருக்கிறேன். நேற்று நடந்ததை விடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பெஞ்சு நீ சொன்ன பெஞ்சுதான். ஒரு மணி ஐம்பது நிமிடம். என்னைச் சுற்றி எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள இருக்காங்களா?" என்றாள். "இல்லம்மா, அவ ஸ்கூல்ல இருக்கா. நான்தான் உள்ள போகணும்" என்றேன். பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது.

உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். டம்ளரைத் தொடவில்லை. நடுவில் கல்லூரி முதல்வர், நரைத்த தலைமுடியோடு ஓர் அம்மா. ஒரு பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி. இன்னொரு பக்கம் ஒரு வக்கீல், நீ சொன்ன மாதிரியே காகிதத்தை விட்டு நிமிரவில்லை.

முதல்வர் கேட்டார்: "உங்களைப் பத்திச் சொல்லுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் இருந்தேன். பயந்துபோய் இல்லை. சும்மா, அமைதியாக, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. முதல்வர் எட்டிப் பார்த்து, "அம்மா, உங்க விரலெல்லாம் என்ன பண்ணுது?" என்றார்.

குனிந்து பார்க்கிறேன். என் பத்து விரலும் மேசை விளிம்பில் டைப் அடிக்கும் வாக்கில் நிற்கின்றன!

"கேள்வியை அடிச்சுட்டேங்க," என்றேன். "பதில் வரட்டும்னு காத்துட்டிருக்கேன்."

அப்போதுதான் அந்த வக்கீல் நிமிர்ந்தார். நீதிபதி சிரிக்க ஆரம்பித்து இருமல் வந்து, எனக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ சாட்சி யாருங்க?" என்றார்.

"நான்தாங்க போலிருக்கு."

"அப்போ சொல்லுங்க. நாங்க அவசரப்படுத்தல."

தம்பி, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் இளகிவிட்டது. ஏன் சட்டம் என்று நீ இரண்டு தடவை கேட்டும் சொல்லவில்லை. நீ மறைத்ததைத் தோண்டி எடுத்தவள் நான் மட்டும் யோக்கியமா? அவர்களிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா சாட்சிக் கூண்டில் நின்றாள். கடையில் பாதியைக் கொழுந்தனுக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு பத்திரம். கையெழுத்து உங்களுடையதா என்று வக்கீல் கேட்டார். "என்னோடதுதாங்க. ஆனா கதவைச் சாத்திட்டு நாலு பேர் நின்னாங்க. பயந்துபோய்த்தான் போட்டேன்" என்றாள். அவள் இரண்டாவது பாதியைச் சொல்லும்போது இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டி அடக்கினார். அமைதியானதும், "கையெழுத்து தன்னுடையது என்று சாட்சி கூறுகிறார்" என்று எனக்குச் சொன்னார். நான் அடித்தேன். அவர் கெட்டவர் இல்லை, சத்தத்தில் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. நான் கூண்டுக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில் வாசித்துக் காட்டினார்கள். அவள் பயத்தில் தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். நான் தாளை உருவி அடுக்கினேன்.

அப்புறம் வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போய்விட்டது. என்ன ஆனது என்று தெரியாது. விசாரிக்கத் தைரியமில்லை.

முதல்வர் கேட்டார்: "டைப்பிஸ்ட் பேசக் கூடாதுன்னு அங்க விதி இருக்கா?"

"இல்லீங்க. யாரும் அப்படிச் சொன்னதில்ல. நானா நெனச்சுக்கிட்டேன்."

"இப்போ படிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அந்த மாதிரி ஆளுக்குப் பக்கத்துல எழுந்து நிக்கணுங்க. சொன்னது முழுசும் தாள்ல வர்ற வரைக்கும் உட்காரக் கூடாது."

மூன்று பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். அந்த வக்கீல்தான் கடைசியில், "நீங்க போகலாம்மா" என்றார். நல்லதற்கா கெட்டதற்கா என்று முகத்தில் தெரியவில்லை. முடிவு மே மாதம்.

வெளியே உன் மாமா மதிலோரம் நின்றுகொண்டிருந்தார். "எத்தனை செகண்டு?" என்றார். கால் மணி நேரம் என்றேன். நம்பவே இல்லை.

அன்புடன்,
அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஆறு வருடம் அதைத் தூக்கிக்கொண்டு எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாயா? நான் உன்னைத் திட்ட வேண்டும். ஆனால் திட்டுவது குடும்பத்தில் உன் வேலை, அதைப் பிடுங்க மாட்டேன்.

போன புதன்கிழமை எட்டாவது பெஞ்சு. ஓர் ஆஸ்பத்திரி. நர்சுகளையும் வார்டு ஆட்களையும் தேர்ந்தெடுக்கும் வேலை. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். உன்னை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஒன்பது வருஷம் ஆட்களை வேலைக்கு எடுத்தேங்க. நவம்பர்ல கம்பெனியை மூடினப்போ முப்பத்திரண்டு பேருக்கு அதை என் வாயால சொன்னேன். முப்பத்து மூணாவது ஆள் நான்தான். அதுக்கப்புறம் ஏழு இடத்துல பெஞ்சுல உட்கார்ந்தேன். எனக்கு வேலை குடுத்தீங்கன்னா, வர்றவங்கள ஒன்றரை மணி நேரம் சாய்மானம் இல்லாம உட்கார வெக்க மாட்டேன்" என்றேன்.

பேனாவை யாரும் மூடவில்லை, அக்கா. அதிலேயே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பாவிட்டாலும் ஜூன் முதல் வாரம் வீட்டுக்கு வருகிறேன். கட்டிலைத் தட்டிப் போடு.

அன்புடன்,
தம்பி

*

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இன்றைக்குக் கல்லூரி வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பது பேர். மேலிருந்து கீழாகப் பார்த்தேன், கீழிருந்து மேலாகப் பார்த்தேன். என் பேர் இல்லை. உன் மாமா மட்டும் பக்கத்தில் இருந்த சின்னத் தாளைப் பார்த்தார். காத்திருப்போர் பட்டியல். அதில் இரண்டாவது நான்.

நாற்பதில் இரண்டு பேர் விலகினால் எனக்கு இடம். ஒருவர் வேறு கல்லூரிக்குப் போகிறாராம், அலுவலகத்தில் சொன்னார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். முன்பின் தெரியாத யாருக்கோ நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டும், வெளியூரில் பெரிய வேலை கிடைக்க வேண்டும் என்று மனதார வாழ்த்திக்கொண்டிருக்கிறேன். இந்த அளவுக்கு நான் யார் நலனையும் விரும்பியதில்லை.

வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். கடைசித் தேதி ஜூன் பதினைந்து.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததா? சீக்கிரம் வா. உன் மருமகள் உனக்காக ஒரு கேள்விப் பட்டியலே தயாரித்து வைத்திருக்கிறாள்.

அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆஸ்பத்திரி வேலையும் புது அறையும் எப்படி இருக்கின்றன? முதல் வாரமே பெஞ்சை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டாயாமே, உன் மாமாவிடம் போனில் சொன்னாயாம். வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு வாலாட்டாதே. ஒரு மாதம் போகட்டும், அப்புறம் ஆட்டு.

நீ இங்கிருந்து கிளம்பிய மறுநாள், ஜூன் பதினான்கு, கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் விலகிவிட்டார். சேர்ந்துவிட்டேன், தம்பி! பணியாள் கொடுத்த படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நான் கடைசி ஆளாகச் சேர்ந்ததால் வருகைப் பதிவில் நாற்பதாம் எண். வாரம் ஐந்து நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு. ஆன்ட்டி என்று கூப்பிட்ட பெண்ணும் சேர்ந்திருக்கிறாள். இப்போது அக்கா என்கிறாள், குறிப்பெல்லாம் என்னிடம்தான் வாங்கிப் போகிறாள். இதெல்லாம் உனக்குப் போனிலேயே தெரியும். இன்றைக்கு நடந்தது தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

காலையில் ஒரு விபத்து வழக்கு. லாரி ஓட்டியவர் சாட்சி சொன்னார். வண்டி வேகமாக வந்ததா என்று கேட்டார்கள். "வேகமாத்தாங்க வந்துச்சு. ப்ரேக் பிடிக்கலைன்னு காலையிலேயே ஓனர்கிட்ட சொன்னேன், ஓட்டுன்னு அனுப்பிட்டாரு" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பெரிய சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீதிபதியும் திரும்பினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "வண்டி வேகமாக வந்தது என்று சாட்சி ஒப்புக்கொள்கிறார்" என்றார்.

என் விரல் நின்றுவிட்டது. நானாக நிறுத்தினேன் என்று பெருமையடிக்க மாட்டேன். நின்றுவிட்டது. அந்த அறையில் விசைச் சத்தம் நின்றால் எல்லோருக்கும் கேட்கும்.

"என்னம்மா?" என்றார் நீதிபதி.

எழுந்து நின்றேன்.  "ஐயா, சாட்சி இன்னொண்ணும் சொன்னாருங்க."

லாரி முதலாளியின் வக்கீல் விருட்டென்று எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "இதைச் சொல்றதுக்கு நீங்க யாரு?" என்றார்.

"நான் இந்தக் கோர்ட்டு டைப்பிஸ்ட்டுங்க. அவருக்கு மூணடி தள்ளி உட்கார்ந்திருக்கேன். அவர் சொன்னதுல பாதிதான் தாளுக்கு வந்திருக்கு" என்றேன்.

நீதிபதி என்னைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். பதினாறு வருடத்தில் ஒரு நீதிபதி என்னை அப்படி ஏறிட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை. என் வேலை போகப் போகிறது என்றே நினைத்தேன்; உன் அறையில் எனக்கும் ஒரு பாய் போட வேண்டியதுதான் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அவர் கூண்டுப் பக்கம் திரும்பி, "சொன்னதைத் திரும்பச் சொல்லுப்பா" என்றார்.

டிரைவர் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. நீதிபதி அதையும் சேர்த்துச் சொன்னார். "உட்கார்ந்து அடிங்கம்மா" என்றார்.

உட்கார்ந்து, முழுவதையும் அடித்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அன்புடன்,
அக்கா